கோழிக்கூண்டின் மேல் ஒரு தட்டு

சென்ற மாதம் என் தமக்கையார் வசிக்கும் ரப்பர்த் தோட்டத்திற்குச் சென்றிருந்தேன். வீட்டுக் கொல்லையில், கோழிக்கூண்டின் மேல், துருவேறிய வட்டத் தட்டு ஒன்று கவிழ்ந்திருந்தது. மழை ஒழுகாமலிருக்க அதையே கூரையாக்கியிருந்தார். கண்டதும் எனக்குச் சிரிப்பும் வருத்தமும் ஒருங்கே உண்டாயின. அத்தட்டின் வரலாறு எனக்குத் தெரியும்.

பல வருஷங்களுக்கு முன் லயத்துக்கு ஒருவன் வண்டியில் வந்தான். "ஒரே தடவை பணம் கட்டினால் போதும், தமிழ்நாட்டு அலைவரிசைகள் அனைத்தும் வீட்டில் தெரியும், மாதக் கட்டணம் என்ற பேச்சே இல்லை" என்று ஆசை காட்டினான். தமக்கையார் சீட்டுப் பணத்தை எடுத்து அவன் கையில் வைத்தார். ஏழு மாதம் படம் தெரிந்தது. எட்டாம் மாதம் திரை கறுத்தது. விற்றவனுடைய தொலைபேசி எண்ணும் உயிரற்றுப் போயிற்று. நான் அவரை அழைத்துக்கொண்டு பட்டணத்திலுள்ள ஓர் அலுவலகத்திற்குச் சென்றேன். அங்கிருந்த அதிகாரி, "அம்மா, அது அநுமதியில்லாத சாதனம். புகார் எழுதினால் உங்கள் பெயரில்தான் வழக்கு வரும்" என்று சொல்லித் தாளை எங்கள் பக்கமே தள்ளிவிட்டார். வெளியே வந்ததும் தமக்கையார் கேட்ட கேள்வி இன்றும் என் காதில் நிற்கிறது. "தம்பி, நான் யாரிடம் திருடினேன்?"

அன்று எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. பின்பு தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்தப்படும் துணைக்கோள், பூமி சுழலும் வேகத்திலேயே தானும் சுற்றுவதால் கீழிருந்து பார்ப்போர்க்கு அசையாது நிற்பதுபோல் தோன்றும். அங்கிருந்து ஒலியையும் ஒளியையும் உலகெங்கும் பரப்பலாம் என்று 1945ஆம் வருஷத்தில் எழுதியவர் ஆர்தர் கிளார்க் என்னும் ஆங்கிலேயர். பிற்காலத்தில் இலங்கையையே தம் இருப்பிடமாக்கிக்கொண்டவர் அவர். துணைக்கோளின் கதிர் எல்லைச் சாவடியைக் கண்டு நிற்பதில்லை. ஆனால் படத்தின் உரிமை அங்கே நின்றுவிடுகிறது. சென்னையில் படமெடுத்தவர் இந்தியாவுக்கு ஒருவரிடமும் மலேசியாவுக்கு வேறொருவரிடமும் உரிமையை விற்கிறார். ஆகவே, இந்தியாவுக்கென்று அனுப்பிய கதிரை இங்கே பிடித்தால், இங்கே பணம் கொடுத்து உரிமை பெற்றவருக்கு நஷ்டம். படமெடுத்தவருக்கும் இங்கே வரவேண்டிய விலை குறைகிறது. இதை நான் மறுக்கவில்லை. உழைத்தவன் கூலியை நாமே குறைக்கலாகாது.

ஆனால் வானம் யாருடையது என்ற கேள்வி இதனோடு தீர்ந்துவிடுவதில்லை. விண்வெளியை எந்நாடும் தன் உடைமையாக்கிக் கொள்ளலாகாது என்று 1967ஆம் வருஷத்து உலக உடன்படிக்கை சொல்கிறது. ரேகைக்குக் கீழுள்ள கொலம்பியா, எக்குவடோர், இந்தோனேசியா முதலிய நாடுகள் 1976இல் பொகோட்டா நகரில் கூடி, தங்கள் தலைக்கு மேலுள்ள அப்பாதை தங்களுடையதே என்று அறிக்கையிட்டன, உலகம் ஏற்கவில்லை. இன்று அவ்விடங்களைப் பதிவு செய்வது ஜெனீவாவிலுள்ள சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கம். முதலில் விண்ணப்பித்தவருக்கு முதலிடம். ஏழு வருஷத்திற்குள் கோளை நிறுத்தாவிட்டால் உரிமை போய்விடும். டோங்கா என்னும் சிறு தீவு ராஜ்யம், சொந்தத்தில் ஒரு கோளும் இல்லாதிருந்தே, 1980களின் கடைசியில் பதினாறு இடங்களுக்கு விண்ணப்பித்தது; பிறர் கூச்சலிட்ட பின் குறைத்துக்கொண்டு, மிஞ்சியவற்றை வாடகைக்கு விட முனைந்தது. நம்மூர் நிலத்தரகர்கள் இவ்வித்தையை இன்னும் கற்கவில்லை போலும்!

நம் நாட்டின் மீசாட் கோள் 91.5 பாகைக் கிழக்கில் 1996இல் ஏறிற்று. அதுவரை சாமானியர் வீட்டில் தட்டு வைக்க அநுமதியில்லை. அவ்வருஷமே அஸ்ட்ரோ வந்தது. வானவில் என்னும் தமிழ் அலைவரிசையும் வந்தது. தோட்டங்களில் அதை எவ்வளவு ஆவலுடன் வரவேற்றோம் என்பதை அக்காலத்தவர் அறிவர். ஆனால் அந்நிறுவனத்திற்குத் துணைக்கோள் ஒளிபரப்பில் 2017 வரை தனியுரிமையும் கொடுக்கப்பட்டிருந்தது. 1999 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தொடர்பு, பல்லூடகச் சட்டம் பழைய ஒலிபரப்புச் சட்டத்தை நீக்கி, லைசென்சு முறையைப் புதுப்பித்து, ஓர் ஆணையத்தின் மேற்பார்வைக்கும் வழி செய்தது. தனியுரிமையோ தன் தவணை முடியும்வரை நின்றது. ஒரே கடையுள்ள ஊரில் விலை பேசுவது எப்படி? மாதச் சம்பளத்தில் அரிசிக்கும் பள்ளிக்கூடத்திற்கும் போக மிஞ்சியதை எண்ணும் வீட்டில், வண்டியில் வந்தவனுக்கு அவ்வளவு எளிதாகக் கதவு திறந்ததற்கு இதுவும் ஒரு காரணமென்று நான் கருதுகிறேன்.

இதே வழக்கு, வேறு உருவில், எந்த நாட்டுக் கதிரைத் தமக்கையார் பிடித்தாரோ அந்நாட்டிலேயே நடந்திருக்கிறது. 1993இல் வங்காளக் கிரிக்கெட் சங்கம் தன் பந்தயங்களை ஒளிபரப்பும் உரிமையை அயல்நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்றபோது, இந்திய சர்க்கார் தடுத்தது. அவர்கள் காட்டிய ஆயுதம் 1885ஆம் வருஷத்துத் தந்திச் சட்டம்! தந்திக் கம்பிக்கு எழுதிய சட்டத்தை விண்ணுக்குப் போர்த்தினார்கள். 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: காற்றலைகள் பொதுச் சொத்து; அவற்றைச் சர்க்காரும் தனியாரும் ஏகபோகமாக்கலாகாது; பொதுநலம் கருதும் சுதந்திரமான ஓர் அமைப்பு அவற்றை நிர்வகிக்க வேண்டும்; பார்ப்பவர், கேட்பவர் உரிமையும் உரிமையே. அந்தப் பழஞ்சட்டத்திற்குப் பதிலாக வேறொன்றை இயற்ற இந்தியாவுக்கு 2023 வரை ஆயிற்று என்பது தனிக் கதை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2010 ஜூலையில் இந்தியாவின் இன்சாட் கோள் ஒன்றில் மின்கோளாறு ஏற்பட்டபோது, சென்னையிலிருந்து நடக்கும் சன் டைரக்ட் சேவை மீசாட்-3 கோளுக்கு மாறிற்று. அதாவது, சென்னை வீடுகளுக்குத் தமிழ்ப் படம் மலேசியக் கோளின் வழியே போயிற்று. கதிரின் முகம் மட்டும் அத்திசை நோக்கித் திருப்பப்பட்டிருந்தது.

இவற்றையெல்லாம் திண்ணையிலமர்ந்து தமக்கையாரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "சரி தம்பி, படமெடுத்தவனுக்குப் பணம் போகவேண்டும் என்கிறாய், ஒப்புக்கொள்கிறேன். கோள் விட்டவனுக்கும் போகட்டும். என் பணத்தைத் தின்றவனைப் பிடிக்க ஒரு சட்டமும் இல்லையா? அந்த ஐயா என் புகாரை எழுதியாவது வைத்திருக்கலாமே" என்றார்.

சட்டம் இருக்கிறது. அநுமதியற்ற சாதனத்தை விற்பதும் குற்றந்தான். ஆனால் விற்றவனைப் பிடிக்க வாங்கியவள் வாய் திறக்கவேண்டும். வாய் திறந்தால் வழக்கு என்று அவளையே அச்சுறுத்தினால் விற்றவன் அடுத்த தோட்டத்திற்கு வண்டியை ஓட்டுவான். ஓட்டியுமிருக்கிறான், மூன்று தோட்டங்களில் அவனைப் பற்றிக் கேள்விப்பட்டேன். ஏமாந்தவர் அச்சமின்றி வந்து சொல்லும் ஒரு வழியை ஆணையம் வகுத்து, அதைத் தமிழில் அச்சிட்டுத் தோட்டக் கடைகளில் ஒட்டினால் என்ன செலவாகிவிடும்?

பேசிக்கொண்டிருக்கையிலேயே வானம் இருண்டு பெருமழை பிடித்துக்கொண்டது. மழைத்துளி அவ்வலைகளை விழுங்கிவிடும் என்பதை நேயர்கள் தத்தம் வீட்டிலேயே கண்டிருப்பார்கள். அடுத்த வீட்டில், மாதந்தவறாமல் பணம் கட்டும் வீட்டில், நாடகம் பாதியில் நின்று பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். எங்கள் கொல்லையில் கோழிகள் தட்டுக்கடியில் ஒதுங்கி நின்றன.