வெற்று நாற்காலி

பிரான்சு நாட்டின் செயிண்ட் மாலோ துறைமுகத்திலிருந்து கப்பலேறிய நாம், கெர்ன்சித் தீவை அடைந்தபோது வெயில் நன்கு ஏறியிருந்தது. ஆங்கிலக் கால்வாயில் பிரான்சின் கரைக்கு அண்மையில், ஆங்கில முடிக்கு உட்பட்டும் தன்னாட்சி பெற்றும் விளங்கும் சிறு தீவு இது. செயிண்ட் பீட்டர் போர்ட் என்னும் அதன் தலைநகரில், மேட்டை நோக்கி ஏறும் ஓத்வில் தெருவின் 38 ஆம் எண் வீட்டைக் காண்பதே நம் பயணத்தின் நோக்கம். நாவலாசிரியர் விக்டர் ஹ்யூகோ நாடிழந்து வாழ்ந்த இல்லம் அது.

அவர் பெயரை அறியாத நேயர்களும் அவர் படைத்த கதையை அறிந்திருப்பர். ரொட்டி திருடிச் சிறைப்பட்டு, தப்பியோட முயன்றதால் தண்டனை பெருகி, 19 ஆண்டுகளுக்குப் பின் வெளிவருகிறான் ஜான் வால்ஜான். எல்லாரும் கதவடைக்க, ஆயர் ஒருவர் மட்டும் அவனுக்கு உணவும் படுக்கையும் தருகிறார். அவனோ அவருடைய வெள்ளிப் பாத்திரங்களையே திருடிக்கொண்டு ஓடுகிறான். காவலர் அவனைப் பிடித்து வந்து நிறுத்தியபோது, அவை தாம் கொடுத்தவையே என்று கூறும் ஆயர், வெள்ளி விளக்குத் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறார். ‘லெ மிசராபிள்’ என்னும் இந்நூலைக் கவியோகி சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ எனத் தமிழில் தந்தார். 1950 ஆம் ஆண்டில் அது நாகையா நடிக்க அதே பெயரில் திரைப்படமும் ஆயிற்று. கதையில் வரும் ஆயருக்கு மாதிரியாக நின்றவர், தென் பிரான்சின் டீஞ் மறைமாவட்டத்தை 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வழிநடத்திய மியோலிஸ் ஆயர் ஆவார்.

1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் படைவலிமையால் ஆட்சியைக் கைப்பற்றினார். சட்டமன்ற உறுப்பினராயிருந்த ஹ்யூகோ அதை எதிர்த்துத் தோற்று, பிரஸ்ஸல்ஸ் நகருக்குத் தப்பினார். அங்கிருந்து ஜெர்சித் தீவு. அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டு, 1855 இல் கெர்ன்சி. மறு ஆண்டு தம் கவிதை நூலின் வருவாயைக்கொண்டு இவ்வீட்டை வாங்கினார். 1859 இல் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டபோதும், விடுதலை திரும்பும்போதே தாமும் திரும்புவதாகக் கூறி மறுத்துவிட்டார். 1870 இல் பேரரசு வீழ்ந்த பின்னரே அவர் பாரிசு மீண்டார். அவர் வழித்தோன்றல்கள் 1927 இல் இவ்வில்லத்தைப் பாரிசு மாநகரத்துக்கு அளித்தனர். அண்மையில் பெரிய அளவில் செப்பனிடப்பட்டு, 2019 இல் இது மீண்டும் திறக்கப்பட்டது.

சிறு சிறு குழுக்களாகவே உள்ளே அழைத்துச் செல்கின்றனர். அறைகளை ஹ்யூகோ தாமே திட்டமிட்டு அழகுபடுத்தினார். பழைய மரப்பெட்டிகளையும் கதவுகளையும் வாங்கி, அவற்றைப் பிரித்துச் சுவர்களிலும் இருக்கைகளிலும் பொருத்தச் செய்தாராம். உணவறையில் தம் பெயரின் முதலெழுத்து வடிவில் டெல்ஃப்ட் ஓடுகளால் ஒரு பெரிய கணப்பு. வாயிலின் மேல், வாழ்வே ஒரு நாடுகடத்தல் எனப் பொருள்படும் இலத்தீன் வாசகம். கண்ணீர்க் கணவாயில் நாம் பரதேசிகள் என்று அன்னையிடம் நாள்தோறும் முறையிடும் நமக்கு அச்சொல் புதிதன்று.

அவ்வறையில்தான் அந்த நாற்காலியையும் கண்டோம். உயர்ந்த சாய்வுடைய ஓக் மர இருக்கை. குறுக்கே ஒரு சங்கிலி. முன்னோருக்கென, மறைந்தோருக்கென ஒதுக்கப்பட்டதால் அதில் ஒருவரும் அமரலாகாது. அவர் தலைமகள் லெயோபோல்டின், மணமான ஏழாம் மாதத்தில், 1843 செப்டம்பரில், தன் கணவருடன் சேன் ஆற்றில் படகு கவிழ்ந்து இறந்தாள். அப்போது அவளுக்கு வயது 19. பயணத்தில் இருந்த தந்தை அச்செய்தியை நாளிதழில் படித்தே அறிந்தார்.

மாடியின் உச்சியில் கண்ணாடியாலான ஓர் அறை உண்டு. கீழே துறைமுகம், எதிரே கடல், தெளிந்த நாளில் தொலைவில் பிரான்சின் கரை. பாரிசில் 1845 இல் தொடங்கி, 1848 புரட்சியால் இடையில் நின்றுபோன ‘லெ மிசராபிள்’ கையெழுத்துப் படியை 1860 இல் இவ்வில்லத்தில்தான் மீண்டும் கையிலெடுத்தார். நின்றவாறே எழுதுவது அவர் வழக்கம். 1862 இல் நூல் வெளிவந்தது.

அதே 1862 இல் இன்னொன்றும் தொடங்கிற்று. தீவின் ஏழைச் சிறுவர் சிறுமியரை வாரந்தோறும் இவ்வில்லத்துக்கு அழைத்து, இறைச்சியும் சிறிது திராட்சை இரசமும் கூடிய விருந்து படைக்கலானார். சிலராகத் தொடங்கிய பந்தி பின்னர் நாற்பதளவு பெருகிற்று. கிறிஸ்து பிறப்பு விழாவன்று துணிமணிகளும் விளையாட்டுப் பொருள்களும் வழங்கினார். ஆயரின் மேசையை ஏட்டில் எழுதியவர், தம் வீட்டிலும் ஒரு மேசையை விரித்தார் என்பதை எண்ணி மகிழ்ந்தோம்.

ஆனால் அம்மகிழ்ச்சி நெடுநேரம் நிலைக்கவில்லை. இவ்வில்லத்தில் இன்னொரு மகளும் இருந்தாள். அதேல் என்பது அவள் பெயர். பாரிசில் பலரும் வியந்த அழகி. பியானோ இசைப்பதிலும் பாடல் அமைப்பதிலும் வல்லவள். 25 வயதில் இத்தீவுக்கு வந்தவளுக்கு நாட்குறிப்பும் பியானோவுமே துணையாயின. நாடு துறந்தது தந்தையின் கொள்கை. மகளுக்கோ அது பிறர் இட்ட விலங்கு. உடல் நலிந்த மகளை எண்ணித் தாய் பரிந்து பேசினார். அவளைப் பாரிசுக்கும் அழைத்துச் சென்று வந்தார். எனினும் வாழ்வின் போக்கு மாறவில்லை. ஏழைச் சிறார் பந்தி தொடங்கிய மறு ஆண்டு, 1863 ஜூனில், தன்னை விரும்பாத ஆங்கிலப் படையதிகாரி ஒருவரைத் தேடி, வீட்டைவிட்டு மறைந்து சென்றாள். கனடாவின் ஹாலிஃபாக்ஸ், பின் பார்படோஸ் தீவு என அலைந்து, 1872 இல் மனம் பேதலித்தவளாகத் திரும்பினாள். எஞ்சிய நாள்களை மனநோயாளர் இல்லங்களில் கழித்து, 1915 இல் இறந்தாள். ஹ்யூகோவின் ஐந்து மக்களுள், 1885 மே திங்களில் அவர் கண்மூடியபோது உயிரோடிருந்தவள் அவள் ஒருத்தியே.

அவரைப் பழித்தல் நம் நோக்கமன்று. குடும்ப வாழ்வில் அவர் குற்றமற்றவரல்லர். திருச்சபையினின்றும் விலகியே வாழ்ந்தார். 1864 இல் இந்நாவல் தடைநூற்பட்டியலில் இடம்பெற்றது. அப்பட்டியலே 1966 இல் நீங்கிற்று. இறக்குமுன் ஏழைகளுக்கு 50,000 ஃபிராங்க் எழுதிவைத்து, ஏழைகளின் சவ வண்டியிலேயே தம்மை எடுத்துச் செல்லக் கேட்டார். கடவுளை நம்புவதாக எழுதிய அவரே, திருச்சபைகளின் மன்றாட்டு வேண்டாமெனவும் எழுதினார். தீர்ப்பு நம்முடையதன்று.

எனினும் அந்த நாற்காலியை நம் மனம் விட்டகலவில்லை. இறந்த மகளுக்காக ஓர் இருக்கையைக் காத்த வீட்டில், உயிரோடிருந்த மகள் அமர்ந்திருந்த இருக்கையை யார் கவனித்தார்? நாமும் நம் பங்கின் தருமப் பணிகளில் பல ஞாயிறுகளைச் செலவிட்டவர்தாம். மாலையில் களைத்து வீடு திரும்புகையில், சொல்ல ஏதோ வைத்திருந்த நம் மகளிடம், நாளை பேசலாம் என்று எத்தனை முறை கூறினோம்! அவள் இன்று தொலைவில் வாழ்கிறாள். அன்று சொல்ல இருந்தது இன்னதென்று நாம் இதுவரை அறியோம்.

பிற்பகல் கப்பலுக்கு நேரமாயிற்று. துறையில் காத்திருக்கையில் அவளுக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினோம். தீவைப் பற்றி இரண்டு வரிகள் எழுதியபின், அவற்றை அடித்துவிட்டு, அவள் நலத்தைக் கேட்டு எழுதினோம்.