காலேஜ் ஸ்ட்ரீட்டின் சணல் கயிறு

கொல்கத்தாவின் காலேஜ் ஸ்ட்ரீட்டில் நடப்பவர் கண்ணில் முதலில் படுவது புத்தகம். அடுத்தது சணல் கயிறு. நடைபாதைக் கடைகளிலும் சந்துகளுக்குள் ஒதுங்கிய பதிப்பகங்களிலும் பொட்டலங்கள் தயாராகிக்கொண்டே இருக்கின்றன. பழுப்புக் காகிதம், குறுக்கும் நெடுக்கும் கயிறு, மேலே கொட்டை எழுத்தில் முகவரி. கூச்பிஹார், சில்சார், அகர்தலா என்று வங்காளம் படிக்கிறவர்கள் வாழும் தொலைதூர ஊர்கள். சிறிய பதிப்பகம் ஒன்றின் கவிதைத் தொகுப்பு அங்கே போய்ச் சேர வேண்டுமானால் தபால்காரர்தான் தூக்கிச் செல்ல வேண்டும்.

வங்காளிகள் இந்த வட்டாரத்தை 'போய் பாரா' என்கிறார்கள். புத்தகப் பேட்டை என்று அர்த்தம். சுற்றிலும் பிரசிடென்சி, 1857-ல் பிறந்த கொல்கத்தா பல்கலைக்கழகம், அரட்டைக்குப் பெயர்போன காபி ஹவுஸ். பக்கத்து டேமர் லேனில் சந்தீப் தத்தா 1978-ல் தொடங்கிய சிற்றிதழ் நூலகம். 2023-ல் அவர் மறையும்வரை கட்டிக் காத்த சேமிப்பு அது. 2020 மே மாதம் ஆம்பன் புயல் அடித்தபோது இந்தத் தெருவில் புத்தகங்கள் மிதந்தன. பேட்டை உலர்ந்து, மீண்டும் கடை விரித்தது.

நாலரை ஆண்டு கழித்து வந்த அடியில் காற்றும் இல்லை, மழையும் இல்லை. 2024 டிசம்பர் 18 அன்று, புத்தகங்களுக்கான சலுகைக் கட்டணப் பதிவுத் தபாலை அஞ்சல் துறை நிறுத்திவிட்டது. கவுன்ட்டர் கம்ப்யூட்டரில் அந்தப் பிரிவையே காணோம். நாடு முழுவதும் பதிப்பாளர்கள் அதிர்ந்தார்கள். இனி பார்சல் அல்லது ஸ்பீட் போஸ்ட். இல்லையென்றால் தனியார் கூரியர்.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2025 அக்டோபர் முதல் அமலில் உள்ள ஸ்பீட் போஸ்ட் கட்டணப்படி, 200 கிராம் எடையுள்ள ஒரு மெல்லிய புத்தகம் ஊருக்குள் போக 24 ரூபாய். 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் போக 77 ரூபாய். வரி தனி. 80 ரூபாய்க் கவிதைப் புத்தகத்துக்கு ஏறக்குறைய அதே விலையில் பயணச் சீட்டு! பெரிய கம்பெனிகள் மொத்தமாக அனுப்பித் தள்ளுபடி பெறும். மாதம் இருபது பொட்டலம் அனுப்புகிறவருக்கு அந்த வசதி ஏது?

காலேஜ் ஸ்ட்ரீட்டிலிருந்து மேற்கே நடந்தால் லால் திகி குளக்கரையில் பெரிய தபால் நிலையம் வெள்ளைக் குவிமாடத்தோடு நிற்கிறது. வால்டர் கிரான்வில் வடிவமைப்பில் 1868-ல் எழுந்த கட்டடம். பழைய வில்லியம் கோட்டை இருந்த இடத்தில்தான் இதைக் கட்டினார்கள். இது எழுவதற்கு 14 ஆண்டு முன்பு, 1854 அக்டோபரில், ஒரு புரட்சி சத்தமில்லாமல் நடந்தது. கடிதத்துக்குத் தூரத்தைப் பார்க்காமல் எடைக்கு மட்டும் கட்டணம் என்றார்கள். பெஷாவரும் பக்கத்துத் தெருவும் ஒன்றாயின. புத்தகத் தபால் அந்த வழியில் வந்த வாரிசு. தொலைவில் இருப்பது குற்றமல்ல, அதற்கு அபராதம் கூடாது என்பதே அதன் சாரம்.

இந்தக் குவிமாடம் ஏற்கெனவே சில சாவுகளைப் பார்த்திருக்கிறது. 1850-ல் நாட்டின் முதல் தந்திக் கம்பி கொல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே ஓடியது. 2013 ஜூலையில் தந்திச் சேவை முடிந்தபோது செல்போன் வந்துவிட்டதால் அழுதவர்கள் குறைவு. பதிவுத் தபாலின் கதை வேறு. 2025-ல் அதை ஸ்பீட் போஸ்ட்டுடன் இணைத்தார்கள். சுமார் 26 ரூபாய்க்குப் பத்திரமாகப் போன கடிதம், இப்போது வெளியூர் என்றால் 47 ரூபாயில் தொடங்குகிறது. முகவரிதாரர் கையிலேயே தர வேண்டும் என்றால் இன்னும் 5 ரூபாய், வரி வேறு. பென்ஷன் மனு அனுப்பும் முதியவருக்கும் வக்கீல் குமாஸ்தாவுக்கும் வேகம் தேவையில்லை. ஒரு ரசீது போதும். தேவையில்லாத வேகத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார்கள்.

துறையின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. கடிதங்கள் குறைந்துவிட்டன. சுமார் 1.65 லட்சம் தபால் நிலையங்களை நடத்தப் பணம் வேண்டும். இன்னும் 50 பைசாவுக்கு போஸ்ட் கார்டு விற்கும் துறை அது. புத்தகங்கள் விஷயத்தில் இறங்கியும் வந்தது. 2025 மே 1 அன்று 'ஞான் போஸ்ட்' பிறந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. கல்வி, சமூகம், கலாசாரம், சமயம் சார்ந்த அச்சுப் பிரதிகளுக்கு மட்டும். விளம்பரம் தாங்கி வருபவற்றுக்கு இடமில்லை. ஆனால் கடைசிப் பக்கத்து விளம்பரத்தால்தான் பல சிற்றிதழ்கள் உயிர் வாழ்கின்றன.

ஆக, நாலரை மாத இருட்டுக்குப் பிறகு கதவு திறந்தது, பாதியளவு. நிறுத்தியவர்களே திரும்பக் கொடுத்தார்கள் என்றால், அந்தச் சேவை தேவையாகத்தான் இருந்தது என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகத்தானே பொருள்? அடுத்த முறை ஒரு பிரிவை அழிக்கும் முன் யாராவது ஒருவர் காலேஜ் ஸ்ட்ரீட் பக்கம் வந்து போகலாம். டிக்கெட் வேண்டாம். எந்தப் பொட்டலத்தையாவது தூக்கிப் பார்த்து, மேலே எழுதியிருக்கும் ஊரைப் படித்தால் போதும்.