கட்டையும் கட்டும்

துப்பாக்கியில் முதலில் சோர்ந்துபோவது இரும்பு அல்ல, மரம். கல்கத்தாவுக்கு அருகே இச்சாப்பூரில் 1791-லிருந்து வெடிமருந்து செய்தார்கள். அதே இடத்தில் 1904-ல் துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது. அங்கே செய்த 303-களின் முன்கட்டையில் குறுக்காக ஒரு திருகாணி போயிருக்கும். பிற நாடுகளில் செய்தவற்றில் இதைப் பொதுவாகக் காண முடியாது. சேகரிப்பவர்கள் அதற்கு 'இச்சாப்பூர் திருகாணி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அது எதற்கு என்பதை எனக்குப் புரியவைத்தவர் விருதுநகரில் எங்கள் தெருவில் இருந்த ஆசாரி. தோட்டக் காவலுக்கு லைசன்ஸ் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் கட்டை மாற்ற அவரிடம்தான் வருவார்கள். "குண்டு முன்னால போனா ஒண்ணு பின்னால வரணுமில்ல தம்பி. அதை மொதல்ல வாங்குறது கட்டை. அப்புறந்தான் தோளு" என்பார். பிளந்த கட்டையொன்றைக் காட்டினார். குறுக்கே ஒடியவில்லை; நார் ஓடிய வழியிலேயே நீளமாகப் பிளந்திருந்தது. இரும்பு பின்வாங்கி மரத்தில் மோதுகிற இடம் இரண்டு பக்கமும் ஒன்றுபோலப் படிய வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் மரம் சுருங்கி ஒரு பக்கம் மட்டும் படிந்தால், ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு ஆப்பாகிறது. நாருக்குக் குறுக்கே போகிற திருகாணி அந்தப் பிளவைப் பிடித்து நிறுத்துகிறது. உருவம், உள்ளடக்கம் என்று இருபது வருஷமாகச் சண்டை போடும் நண்பர்கள் யாரும் இந்தத் திருகாணியை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று சொல்லவில்லை.

குழல் வாயில் கிண்ணம் மாட்டி எறிகுண்டு வீசிய துப்பாக்கிகளுக்கு உதை இன்னும் கடுமை. அடிக்கட்டையைத் தரையில் ஊன்றித்தான் சுடுவார்கள். அவற்றின் முன்கட்டையில் கம்பியை நெருக்கமாகச் சுற்றி இறுக்கியிருப்பார்கள். மரம் பிளந்தாலும் சிதறாது.

இந்தச் சுற்று எனக்குப் பழக்கமானது. சிவகாசியில் ஆட்டம் பாம் டப்பாவின் மேல் சணல் சுற்றுவதும் இப்படித்தான். விரல்களின் வேலையில் வித்தியாசமில்லை, நோக்கம்தான் நேரெதிர். அங்கே உடையாமல் இருப்பதற்குச் சுற்று. இங்கே உடைவது உரக்கக் கேட்பதற்குச் சுற்று. தளர்வாகச் சுற்றினால் புஸ்ஸென்று போய்விடும். அடைபட்ட மருந்துக்குத்தான் குரல்.

இங்கேயும் ஒரு கல்கத்தா உண்டு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் அங்கே போய்த்தான் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். பட்டாசு அதன் பின்னால் வந்தது. இச்சாப்பூர் திருகாணி மாதிரி ஒன்று வந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். துப்பாக்கியில் உதை எங்கே போய்ச் சேரும் என்று ஒருவன் உட்கார்ந்து கணக்குப் போட்டு, அந்த இடத்தில் உலோகத்தைச் செருகினான். மருந்துக் கொட்டகைகளை விலக்கி விலக்கிக் கட்டுகிறார்கள். கதவுகள் வெளிப்பக்கம் திறக்கின்றன. நல்ல விதிகள்தான். ஆனால் அந்தக் கட்டிடத்துக்குத் தெரிந்த ஒரே யோசனை 'ஓடு' என்பது.

2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் 35-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் அல்ல. முதல் சத்தம் கேட்டு, உதவலாம், பார்க்கலாம் என்று பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள்.