குழாய்ச் சத்தம்

கற்பனைக் கதையொன்றை நடந்த செய்தியின் தோற்றத்தில், செய்தியாளர், ஒலிவாங்கி, ஆடியசையும் கேமரா ஆகியவற்றோடு காட்டும் படைப்பைப் போலி ஆவணப்படம் என்பர். பிரிட்டனின் பிபிசி 1992 அக்டோபர் 31 அன்று, ஆவிகள் உலவும் இரவென்று மேலைநாட்டார் கொண்டாடும் ஹாலோவீன் நாளில், தன் முதல் அலைவரிசையில் ஒளிபரப்பிய ‘கோஸ்ட்வாட்ச்’ அவ்வகையைச் சேர்ந்தது. ஸ்டீபன் வோக் எழுத, லெஸ்லி மேனிங் இயக்கிய இந்த ஒன்றரை மணி நேரப் படம் பல வாரங்களுக்கு முன்பே எடுத்து முடிக்கப்பட்டிருந்தாலும், பேய் பிடித்த வீடொன்றிலிருந்து வரும் நேரலை என்றே திரையில் விரிந்தது. எழுத்தாளரின் பெயர் தொடக்கத்திலேயே காட்டப்பட்டது. நிகழ்ச்சி நிரல் இதழில் நடிகர் பட்டியலும் அச்சாகியிருந்தது. அப்படியிருந்தும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் பேர் பார்த்த அந்தப் படத்தை, அவர்களுள் கணிசமானோர் உண்மையென்றே நம்பினர்.

நம்பியவர்களை ஏமாளிகள் என்று தள்ளிவிடுவது நியாயமன்று. அரங்கில் அமர்ந்திருந்தவர் பல ஆண்டுகளாக வீடுதோறும் அறிமுகமான பேட்டியாளர் மைக்கேல் பார்க்கின்சன். தொலைபேசி மேசையில் தொகுப்பாளர் மைக் ஸ்மித். பேய் வீட்டுக்குள் சென்றவர் அவருடைய மனைவியும், குழந்தைகள் நிகழ்ச்சிகளால் சிறுவர் மனத்தில் அக்காள்போல இடம்பிடித்தவருமான சாரா கிரீன். மூவரும் தத்தம் பெயரிலேயே தோன்றினர். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகங்கள் சொன்னதை மக்கள் நம்பினார்கள், அவ்வளவுதான்.

கதை நிகழும் இடம் லண்டனின் நார்த்தோல்ட் பகுதியில் தாயும் இரு பெண்பிள்ளைகளும் வாழும் சாதாரண வீடு. சுவருக்குள் கேட்ட தட்டல் ஓசைக்குப் பயந்த பிள்ளைகளிடம், அது தண்ணீர்க் குழாய்களின் சத்தம் என்று தாய் சமாதானம் சொல்லியிருந்தாள். அதனால் பிள்ளைகள் அந்த ஆவிக்குப் ‘பைப்ஸ்’, அதாவது குழாய்கள், என்றே பெயரிட்டுவிட்டனர். எந்த நாட்டுத் தாயும் சொல்லக்கூடிய அந்தச் சமாதானமே அச்சத்தின் பெயராக மாறிவிடுவது வோக்கின் எழுத்தில் மிக நுட்பமான இடம். இதற்கு வித்து, 1977இல் வடலண்டனின் என்ஃபீல்டில் தொடங்கிப் பத்திரிகைகளில் பேசப்பட்ட ‘பொல்டர்கைஸ்ட்’ நிகழ்வு. இரைச்சலிடும் ஆவி என்று பொருள்படும் இந்த ஜெர்மன் சொல், தட்டியும் பொருள்களை எறிந்தும் தன் இருப்பைக் காட்டுவதாகக் கருதப்படும் ஆவியைக் குறிக்கும்.

படத்தின் நடுவே மூத்த மகள் தானே ஓசை எழுப்புகையில் கேமராவில் பிடிபடுகிறாள். எல்லாம் பித்தலாட்டம் என்று பார்க்கின்சன் முடிவுகட்ட, பார்ப்போர் மனமும் சற்றே தளர்கிறது. பொய்யொன்றை ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி அடுத்துக் காட்டுவது பொய்யாக இராது என்ற எண்ணம் அந்தத் தளர்ச்சியிலேயே வேர்விடுகிறது. உண்மையான திகில் அதன் பிறகுதான் தொடங்குகிறது. முடிவுக்குச் சற்று முன், பெரும் குழப்பத்தையடுத்து, வீட்டில் எல்லாரும் அமைதியாக விளையாடும் காட்சி திரும்புகிறது. ஆனால் முன்பே சுவரிலிருந்து விழுந்துவிட்ட படமொன்று அந்தக் காட்சியில் பழையபடி தொங்கிக்கொண்டிருப்பதை அரங்கிலிருக்கும் ஆவி ஆய்வாளர் ஒருவர் கவனித்துவிடுகிறார். வந்துகொண்டிருப்பது நேரலை அன்று, முன்பு பதிவானது. ஆவி ஒளிபரப்புக் கருவிக்குள்ளேயே புகுந்துவிட்டது. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் உற்றுப் பார்த்த இந்த நிகழ்ச்சியே ஆவியை வரவழைக்கும் மாபெரும் கூட்டமாகிவிட்டது என்பதை அவர் உணரும் அந்தக் கணத்துக்கு இணையான காட்சி திகில் படங்களில் அரிது.

இத்தகைய கலைத்திறனை மதிப்பவர்கள் அதன் விளைவுகளையும் நேர்நின்று பார்க்கக் கடமைப்பட்டவர்கள். திரையில் காட்டப்பட்ட தொலைபேசி எண், பிபிசியின் மற்ற நிகழ்ச்சிகளுக்கும் வழக்கமாகப் பயன்பட்ட எண். அழைத்தவருக்கு இது நாடகம் என்று சொல்ல ஏற்பாடும் இருந்தது. அழைப்புகள் வந்து குவிந்ததால் இணைப்புகள் அடைபட, பலருக்குக் கிடைத்தது லைன் பிஸி என்னும் ஒலி மட்டுமே. கற்பனையிலிருந்து வெளியேற வைத்திருந்த ஒரே கதவு அடைத்துக்கொண்டதோடு, நாடே அஞ்சி அழைக்கிறது என்ற எண்ணத்தையும் அந்த ஒலியே ஊட்டியது. அச்சத்தால் மனநலம் பாதிக்கப்பட்ட இரு 10 வயதுச் சிறுவர்களைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 1994இல் மருத்துவர்கள் எழுதினர். ஒளிபரப்புக்குச் சில நாள்களுக்குப் பின் உயிரை மாய்த்துக்கொண்ட 18 வயது இளைஞர் ஒருவரின் பெற்றோர், வீட்டு வெப்பக் குழாய்களின் தட்டல் ஓசையை மகன் அந்தப் படத்தோடு இணைத்து அஞ்சியதாகக் கூறினர். அச்சுறுத்தும் உணர்வைத் திட்டமிட்டு வளர்த்ததாக ஒளிபரப்புத் தர மன்றம் 1995இல் கண்டித்தது. பிபிசி அதை மறுஒளிபரப்புச் செய்யவில்லை. 2002இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் வெளியிட்ட பிறகே புதிய தலைமுறை அதைக் காண முடிந்தது.

படத்தை மறைத்து வைத்தது தேவையற்ற தண்டனை. கதை பழுதற்றது. பழுது, குழந்தைகள் நம்பும் முகத்தைக் கதைக்குக் கடன்கொடுத்தபோது பிபிசி அவர்களுக்குச் சொல்லவேண்டியதை நிரல் இதழிடமும் அடைபட்ட தொலைபேசியிடமும் விட்டுவிட்டதில் இருக்கிறது. படத்தின் இறுதியில் மாடிப்படிக்குக் கீழுள்ள இருட்டறைக்குள் புகுந்த சாரா கிரீன், அதன் கதவு அறைந்து மூடிக்கொண்ட பின் வெளியே வரவேயில்லை. அதனால் பின்னர் குழந்தைகள் நிகழ்ச்சியொன்றில் அவரே தோன்றி, எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நலமாகவே இருக்கிறேன் என்று சிறுவர்களுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.