காலியாக இருந்த எண்

ஆய்வேட்டின் நான்காம் இயலிலிருந்து ஓர் அட்டவணையை நேற்று நீக்கினேன். மூன்று வாரங்களாகப் பெருமையோடு பலருக்கும் காட்டிவந்த அட்டவணை அது. பிழை, காலியான போர்ட்டைத் தேடுவதற்கு நான் எழுதிய ஆறு வரி நிரலில் இருந்தது.

எங்கள் ஆய்வகத்தில் சர்வர் ஒன்று, பயன்படுத்துவோர் பலர். என் சோதனை, ஒரு மொழி மாதிரியைத் தனியே இயக்கி, ஒரு போர்ட் எண்ணின் வழியே அதற்கு வினாக்களை அனுப்பும். எண்கள் 0 முதல் 65535 வரை உள்ளன. 1024க்குக் கீழுள்ளவை லினக்ஸில் இயல்பாக நிர்வாகிக்கு உரியவை. ஆகவே 8000 தொடங்கி ஒவ்வோர் எண்ணாகச் சோதித்து, முதலில் கிடைக்கும் காலி எண்ணைக் குறித்துக்கொண்டு, சாக்கெட்டை மூடிவிடும்படி எழுதியிருந்தேன்.

மாதிரி நினைவகத்தில் ஏறச் சில நிமிடங்கள் ஆகும். அதன் பிறகே அது போர்ட்டைப் பற்றும். என்னிடமிருந்து அதே நிரலைப் பெற்றிருந்த இளைய ஆய்வு மாணவர் ஒருவரும் அன்றிரவு அதே வேளையில் தம் சோதனையைத் தொடங்கினார். இருவர் நிரலும் ஒரே எண்ணைக் காலி என்று கண்டன. அவருடைய சிறிய மாதிரி முந்திக்கொண்டது. என்னுடையது, முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதிவுக்கோப்பில் எழுதிவிட்டு நின்றுபோனது. நான் அதைப் படிக்கவில்லை. என் வினாக்கள் அவருடைய மாதிரியிடம் சென்றன. விடைகளும் ஒழுங்காகவே வந்தன.

தாம் அனுப்பாத வினாக்கள் தம் பதிவுக்கோப்பில் இருப்பதைக் கண்டு அவர்தான் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார். முன்பொருமுறை அவருடைய சோதனை பாதியில் நின்றபோது, கவனமாக எழுதுங்கள் என்று அறிவுரை கூறியவன் நான்.

தீர்வு எளியது. பைண்ட் அழைப்பில் எண்ணாக 0 கொடுத்தால், இயங்குதளமே காலியான ஒன்றை ஒதுக்கும். லினக்ஸில் அது இயல்பாக 32768 முதல் 60999 வரையுள்ள எண்களுள் ஒன்று. எது என்பதைக் கெட்சாக்நேம் சொல்லிவிடும். தேடுவதும் பற்றுவதும் ஒரே செயலாகிவிடுகின்றன. ஆனால் எண்ணை அறிந்தவுடன் சாக்கெட்டை மூடினால் பழைய பிழையே திரும்பும். மாதிரியை ஏற்றும் முன்பே பற்றி, இறுதிவரை விடாதிருக்க வேண்டும். இப்போது என் முதல் வினா, நீ எந்தச் சோதனைக்குரிய மாதிரி என்பதே.

அந்த ஆறு வரிகளை என்னிடமிருந்து பெற்றவர்கள் இன்னும் சிலர் உண்டு. உங்கள் பழைய பதிவுக்கோப்புகளை அன்புகூர்ந்து ஒருமுறை திறந்து பாருங்கள்.