தண்டவாளச் சிற்றூர்தி

உவகை பிறத்தற்குரிய நிலைக்களன்கள் நான்கு என வகுத்த தொல்காப்பியனார், விளையாட்டையும் அவற்றுள் ஒன்றாக வைத்து எண்ணினார். மெய்ப்பாட்டியலைப் பாடங்கேட்ட நாளில், செல்வத்தோடும் அறிவோடும் விளையாட்டு ஒரே வரிசையில் நிற்பது எமக்கு வியப்பாகவே இருந்தது. ஆயினும் உலகியலை உற்று நோக்குவார்க்கு வேறோர் உண்மையும் புலனாகும். இன்று விளையாட்டென வழங்குவனவற்றுட் பல, முன்னொரு காலத்தில் மக்கள் வயிற்றுப் பிழைப்புக்காகச் செய்த தொழில்களே. படகு வலித்தலும், வில் எய்தலும், குதிரை ஏறுதலும், தூண்டிலிட்டு மீன் பிடித்தலும் அத்தகையன. தொழில் ஓய்ந்த இடத்தில் விளையாட்டுத் தோன்றுகிறது. அங்ஙனம் தோன்றுங்கால், அத்தொழிலைச் செய்து வாழ்ந்தாருடைய நினைவு அதனுள் நிலைபெறுமா, மறைந்தொழியுமா என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுவது. இதற்கு எடுத்துக்காட்டாக, அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் நிகழும் ஒரு பொழுதுபோக்கினை எடுத்துக்கொள்வோம்.

அந்நாடுகளில் ‘ஸ்பீடர்’ என்றும் ‘மோட்டார் கார்’ என்றும் வழங்கும் சிற்றூர்தி ஒன்று உண்டு. நான்கு இரும்புச் சக்கரங்கள், அவற்றின்மேல் ஒரு தட்டு, சிலர் அமர்தற்குப் பலகை, நடுவே ஒரு சிறிய எண்ணெய் இயந்திரம். அதன் உறுப்புக்கள் இவ்வளவே. இருப்புப் பாதையைப் பார்வையிடுவாரும் பழுது பார்ப்பாரும் தம் கருவிகளோடு ஏறிச் செல்லுதற்கென்று இது செய்யப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் இது ஓயாது உழைத்தது. இன்று இதனை விலைக்கு வாங்கி, துருப்போக்கி, வண்ணந்தீட்டி, பழைய பாதைகளில் ஓட்டி மகிழ்வார் ஆயிரக்கணக்கினர்.

இவ்வூர்தியினத்தின் முன்னோடியாகிய ஒன்றன் வரலாறு சுவையுடையது. மிச்சிகன் மாநிலத்தில் வாழ்ந்த ஜார்ஜ் ஷெஃபீல்ட் என்னும் உழவர், தம் இல்லத்துக்கும் திரீ ரிவர்ஸ் என்னும் ஊருக்கும் இடையே பல மைல் நடந்து சலித்து, 1877-ஆம் ஆண்டு வாக்கில் மூன்று சக்கர வண்டி ஒன்றைத் தாமே செய்தார். அதன் இரு சக்கரங்கள் ஒரு தண்டவாளத்தின்மீதும், மூன்றாவதொரு சிறு சக்கரம் எதிர்த் தண்டவாளத்தின்மீதும் ஊர்ந்து செல்லும். ரெயில்வே கம்பெனியாரிடம் இசைவு கேளாமலே அவர் அதில் ஏறிப் போய்வந்தார். ஓரிரவு, தண்டவாளம் முறிந்து கிடப்பதைக் கண்டு, வந்துகொண்டிருந்த புகைவண்டியை நிறுத்திப் பெருந்தீங்கு நேராமற் காத்தார் என்பர். கம்பெனியார் அவர்மீது குற்றஞ் சாட்டாமல், அத்தகைய வண்டிகளைத் தமக்கும் செய்து தருமாறு கேட்டனராம். 1879-இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். விரைந்து செல்வார் காணாத முறிவை மெல்லச் செல்பவர் கண்டார். இச்சிற்றூர்தியின் பயன் முழுவதும் அவ்வொரு செய்தியில் அடங்கும்.

பின்னர்க் கைகாலால் உந்துதல் போய் இயந்திரம் வந்தது. மின்னசோட்டா மாநிலத்து ஃபேர்மாண்ட் நகரிற் செய்யப்பட்ட ஊர்திகள் பெரும் புகழ் எய்தின. அவற்றுட் பழையனவற்றின் இயந்திரம் ஒற்றை உருளையுடையது. பல்சக்கரப் பெட்டியின்றி, ஒரு தோல் அல்லது துணிப் பட்டையே அதன் ஆற்றலை அச்சுக்குக் கொண்டு செல்லும். ஊர்தியைச் சிறிது தூரம் தள்ளி ஓடினால் இயந்திரம் உயிர்பெறும். தள்ளியவர் தாவி ஏறிக்கொள்வார். முன்னும் பின்னும் ஒரே இயல்பாக ஓடவல்லது அது. அதன் ஒலியைக் கொண்டே மக்கள் அதனைப் ‘புட்-புட்’ என்று விளையாட்டாக அழைத்தனர்.

அவ்வூர்தியில் ஏறினார்க்கோ அது விளையாட்டன்று. புகைவண்டி ஒரு பகுதியில் நிற்பதையும் செல்வதையும் கைகாட்டிக்கு உணர்த்துவது தண்டவாளத்தினூடே பாயும் மின்னோட்டம். வண்டியின் அச்சு இரு தண்டவாளங்களையும் இணைக்கவே, கைகாட்டி நிறம் மாறும். சிற்றூர்திகள் அவ்வாறு கைகாட்டியை மாற்றிவிடாதபடி, அவற்றின் சக்கரங்கள் மின்னோட்டம் செல்லாவண்ணம் பிரிக்கப்பட்டிருந்தன. ஆதலின் சிற்றூர்தி பாதையில் இருப்பது கைகாட்டிக்குத் தெரியாது. லெவல் கிராசிங்கின் தானியங்கிக் கதவுக்கும் தெரியாது. எந்த வண்டி எப்போது வரும் என்று எழுதிக் கொடுக்கப்பட்ட குறிப்பும், தம் கண்ணும் காதுமே அதிற் சென்றாருக்குத் துணை. குறிப்பில் இல்லாத வண்டி வளைவில் எதிர்ப்பட்டு உயிரிழந்தாரும் உளர்.

1916-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் இருப்புப் பாதை ஏறக்குறைய 2,54,000 மைல் நீண்டிருந்தது. அதன் பின்னர் அது சுருங்கலாயிற்று. தரையிலும் தண்டவாளத்திலும் ஓடவல்ல லாரிகள் பெருகவே, நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சிற்றூர்திகள் கூட்டங்கூட்டமாகப் பணியினின்று நீக்கப்பட்டன. பழைய இரும்பு விலைக்கு வந்த அவற்றை ஆர்வலர் வாங்கினர். அவர்கள் ஒன்றுகூடி அமைத்ததே வட அமெரிக்க ரெயில் கார் ஓட்டுநர் சங்கம்.

இப்பொழுதுபோக்கினை எண்ணுவார் உள்ளத்தில் முதலில் எழுவது தனிமையின் இன்பமே. 1965-இல் கனடா நாட்டுத் திரைப்பட வாரியத்தார் வெளியிட்ட ‘தி ரெயில்ரோடர்’ என்னும் குறும்படத்தில், நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் முதிய பருவத்தில் இத்தகைய சிற்றூர்தியொன்றில் ஏறி, கீழ்க்கடலினின்று மேல்கடல்வரை கனடாவைக் கடந்து செல்கிறார். கேட்பாரில்லை, தடுப்பாரில்லை, மலையும் ஏரியும் சமவெளியும் அவருக்கு வழிவிடுகின்றன. படம் பார்ப்பார் எவரும் தாமும் அவ்வாறு புறப்பட விழைவர்.

உண்மையான ஆர்வலரோ அங்ஙனம் புறப்படுவதில்லை. புல் மண்டிக் கிடக்கும் பாதையேயாயினும் அதற்கு உரியவர் ஒருவர் உளர்; அவரிடம் இசைவு பெறாது ஏறுதல் சட்டப்படி குற்றமாம். சங்கத்தார் பாதைக்குரிய கம்பெனியாரோடு பேசி நாள் குறிக்கின்றனர், காப்பீடு செய்கின்றனர், விதிநூலைக் கற்றுத் தேர்வெழுதித் தகுதி பெற்றாரையே ஓட்ட விடுகின்றனர். குறித்த நாட் காலையில் ஊர்திகளை வண்டிகளில் ஏற்றிக் கொணர்ந்து தண்டவாளத்தில் வைத்து, தடைக் கருவிகளைச் சோதித்து, அனைவரும் கூடி விதிகளை மீண்டும் கேட்ட பின்னரே புறப்படுகின்றனர். ஊர்திக்கும் ஊர்திக்கும் இடையே தக்க தொலைவு விடுகின்றனர். சாலை குறுக்கிடும் இடத்தில் ஒருவர் இறங்கிக் கொடிபிடித்து நிற்க, ஏனையோர் கடந்து செல்கின்றனர். பாதை முடியும் இடத்தில், ஊர்தியின் கைப்பிடிகளை இழுத்துத் தூக்கி, நின்ற இடத்திலேயே திருப்பிக்கொள்கின்றனர்.

இச்செய்திகளை யாம் இத்துணை ஆர்வத்தோடு தேடிக் கற்றதற்குக் காரணம் உண்டு. எம் பாட்டனார் செங்கோட்டைப் பகுதியில் மீட்டர் பாதை இருந்த காலத்தில் டிராலிமேனாகப் பணிபுரிந்தவர். நம் நாட்டு டிராலியும் அமெரிக்கச் சிற்றூர்தியும் ஒரே தொழிலுக்கு அமைந்தவை. ஒன்றில் இயந்திரம் இருந்த இடத்தில் மற்றொன்றில் மனிதர் இருந்தனர் என்பதே வேறுபாடு. குடையின்கீழ் இன்ஸ்பெக்டர் அமர்ந்திருப்பார். தண்டவாளத்தின்மீதே வெறுங்காலால் ஓடி இருவர் தள்ளுவர். வேகம் பிடித்ததும் தாவி ஏறிக்கொள்வர். செங்கோட்டையினின்று ஆரியங்காவுக் கணவாய் நோக்கிச் செல்லும் பாதை மலைமீது ஏறுவது. அவ்வேற்றத்தில் டிராலி தானாக ஓர் அடியும் நகராது. இறக்கத்திலோ தடையை அழுத்திப் பிடிப்பவரின் கையிலே எல்லார் உயிரும் இருக்கும். வளைவிலும் குகையிலும் ஒருவர் கொடியேந்தி முன்னே ஓடுவார். வண்டி வரும் அரவங் கேட்டால், “இறக்கு” என்னும் ஒரு சொல். நால்வரும் டிராலியைத் தூக்கிப் பாதைக்கு வெளியே வைத்துவிட வேண்டும்.

மழைநாளொன்றில் தண்டவாளத்திற் கால் வழுக்கி விழுந்ததால் எம் பாட்டனாரின் வலமுழங்கால் பழுதுற்றது. ஓய்வுபெற்று ஆண்டுகள் பல சென்ற பின்னும், ஐப்பசி மழை தொடங்கினால் அம்முழங்கால் தன் பழைய பணியை நினைவூட்டாமல் விடுவதில்லை. ஊராருக்கோ அவர் இன்றும் ‘டிராலிக்காரர்’ தாம். வினை ஒழிந்தும் வினையாற் பெற்ற பெயர் ஒழியாது நிற்றலை யாம் இலக்கண நூலிற் கற்குமுன் எம் வீட்டிலேயே கண்டோம்.

சென்ற விடுமுறையில் அமெரிக்க ஆர்வலர் சிற்றூர்தி ஓட்டிச் செல்லும் படங்களை அவருக்குக் காட்டினோம். நிறத்தையும் வேகத்தையும் கண்டு வியப்பார் என்று எண்ணியிருந்த எம்மை நோக்கி, அவர் கேட்ட முதல் வினா, “வண்டி வந்தால் இதனை யார் இறக்குவது?” என்பதே. அன்று அப்பாதையில் வேறு வண்டி விடமாட்டார்கள் என்று கூறினோம். “அப்படியானால் இவர்கள் எதற்காகப் போகிறார்கள்?” என்றார். மகிழ்ச்சிக்காக என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்து, “ஐயா, நாங்கள் கூலி வாங்கிக்கொண்டு ஓடினோம், இவர்கள் பணங்கொடுத்து ஓடுகிறார்களோ?” என்று நகைத்தார்.

அந்நகை எம் உள்ளத்தைத் தைத்தது. ஒருவர் முழங்காலைக் கொடுத்துச் செய்த தொழில் மற்றொருவருக்கு ஓய்வுநாட் களிப்பாதல் தகுமோ என்று கேட்கத் தோன்றிற்று. வெயிலும் மழையும் கூலியும் அச்சமும் நீங்கிய பின், எஞ்சுவது அத்தொழிலின் வடிவேயன்றி அத்தொழில் அன்றே! இவ்வினாவை எம் பாட்டனாரிடமே கேட்டோம். அவர் விடை கூறாமல் படத்தை மீண்டும் காட்டச் சொன்னார். சாலை குறுக்கிடும் இடத்தில் ஒருவர் இறங்கி, இருபுறமும் நோக்கி, கொடியை விரித்துப் பிடித்தார். ஊர்திகள் அனைத்தும் கடக்குமட்டும் அவர் நகரவில்லை. “கொடி பிடிக்கத் தெரிந்தவன்” என்று எம் பாட்டனார் தலையசைத்தார். அவர் வாயினின்று எளிதில் வாராத புகழ்ச்சி அது.

அச்சொல்லை யாம் பலகால் எண்ணிப் பார்த்ததுண்டு. விளையாடுவார்க்குத் தொழிலாளரின் துன்பம் இல்லை. அதனை அவர் நாடவும் வேண்டா. ஆயினும் அத்துன்பத்தினின்று பிறந்த விதிகளை அவர் கைவிடவில்லை. அவ்விதிகள் எழுதப்படுவதற்கு எத்தனையோ பேர் கைகால்களையும் உயிரையும் இழக்க நேர்ந்தது. வண்டியே வாராத பாதையிலும் ஒருவர் கொடியோடு இறங்கி நிற்பாராயின், முன்னிருந்தோரின் அறிவை அவர் மதிக்கின்றார் என்பது தெளிவு. பழைய ஊர்தியை மட்டும் பேணி விதியைக் கைவிட்டிருப்பாராயின், அதனை வெறும் பொம்மை என்றே யாம் கூறுவோம்.

அமெரிக்கருக்கு வாய்த்த இவ்வசதி எம் பாட்டனாரின் டிராலிக்கு வாய்க்காது. ஆங்குப் பழைய பாதைகள் அதே அகலத்தோடு கிடக்கின்றன. 1904-இல் திறக்கப்பட்ட செங்கோட்டை மலைப்பாதையில் மீட்டர் வண்டிகள் 2010-இல் நின்றன. அகலப் பாதையில் 2018-இல் வண்டிகள் ஓடத் தொடங்கின. இன்றும் பாதையைப் பார்வையிடுவார் டிராலியிற் செல்வதுண்டு. ஆனால் அது 1,676 மில்லிமீட்டர் அகலத்துக்கு அமைந்த டிராலி. 1,000 மில்லிமீட்டருக்கு அமைந்த பழைய டிராலியை எவரேனும் பேணி வைத்திருப்பினும், ஆங்கு அது ஊர்தற்குரிய தண்டவாளம் இல்லை.

ஆகவே நம்மிடம் எஞ்சுவது சொல் ஒன்றே. “இறக்கு” என்ற குரலுக்கு நால்வர் எங்ஙனம் கைவைத்தனர், குகையினுள் அரவத்தை எங்ஙனம் பிரித்தறிந்தனர், ஈரத் தண்டவாளத்தில் எவ்விரலை ஊன்றி ஓடினர் என்பனவெல்லாம் அறிந்தவர் இன்னும் நம்மிடையே உளர். நம் கல்லூரி மாணவருள்ளும் பழைய மாணவருள்ளும் ரெயில்வேக் குடும்பத்தினர் பலர் இருப்பர். அவர்கள் தம் வீட்டு முதியோரைக் கேட்டு, அத்தொழிற் சொற்களையும் வழக்குகளையும் இவ்விதழிலே எழுதுவாராயின் தமிழுக்கும் அது ஆக்கமாகும். யாம் எம் பாட்டனாரிடம் கேட்டு எழுதத் தொடங்கியுள்ளோம். இதுவரை நாற்பத்திரண்டு சொற்கள் சேர்ந்துள்ளன. மழை நின்று அவர் முழங்கால் வலி தணிந்ததும் மற்றவற்றைச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.