கேட்கப் போன காலம்

மதுரையில் அந்தக் காலத்தில் ஒரு பொதுக்கூட்டம் எப்படி நடந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்வதானால் பிட் நோட்டீஸில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ரோஸ், மஞ்சள், வெளிர்பச்சை என்று மெல்லிய தாளில் அச்சடித்திருப்பார்கள். குதிரை வண்டியின் கூரையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி ஒருவர் மைக்கில் அறிவித்துக்கொண்டே வருவார். இன்னொருவர் பின்பக்கம் உட்கார்ந்து நோட்டீஸை வீசுவார். நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். கையில் சிக்கியதை வீட்டுக்குக் கொண்டுபோனால் அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடியில் இருந்து மேலாகப் படிப்பார். நடுவில் கொட்டை எழுத்தில் இருக்கும் தலைவர் பெயர் ஊருக்கே தெரிந்தது. அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும் உள்ளூர்ப் பேச்சாளர் யார் என்பதுதான் அவருக்கு முக்கியம். நன்றாகப் பேசுகிற ஆள் என்றால் அன்று ராச்சாப்பாடு சீக்கிரமே முடிந்துவிடும்.

அப்பா காங்கிரஸ்காரர். ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். கதரைத் தவிர வேறு உடுத்தாதவர். ஆனாலும் நோட்டீஸ் எந்தக் கட்சியுடையது என்பதைக் கடைசியில்தான் பார்ப்பார். தி.மு.க. கூட்டமோ, கம்யூனிஸ்ட் கூட்டமோ, சுதந்திராக் கட்சிக் கூட்டமோ, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். என்னையும் கூட்டிப்போவார். தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, காலையில் கிடைக்கிற பேப்பரை எல்லாம் படித்து, ராத்திரி தொலைக்காட்சி விவாதங்களையும் விடாமல் பார்க்கிற எனக்கு இன்று பெரிய ஏக்கம் அந்தப் பழக்கத்தின் மேல்தான். தலைவர்கள் வருவார்கள், போவார்கள். தனக்குப் பிடிக்காத கட்சிக்காரன் பேசுவதை நின்று முழுசாகக் கேட்டுவிட்டு வருகிற சாதாரண மனிதர்கள் ஊர் முழுக்க இருந்தார்களே, அவர்கள் எங்கே போனார்கள்?

மேலமாசி வீதியும் வடக்குமாசி வீதியும் கூடுகிற இடத்தில் மேடை போடுவார்கள். திலகர் திடலில் நடக்கும். ஜான்சி ராணி பூங்காப் பக்கம் நடக்கும். பெரிய தலைவர் என்றால் தமுக்கம். சவுக்குக் கம்பு நட்டு, வரிசையாக ட்யூப் லைட் கட்டியிருப்பார்கள். இருட்டத் தொடங்கியதும் பாட்டு ஆரம்பிக்கும். தி.மு.க. மேடைக்கு நாகூர் ஹனிபா வருகிறார் என்றால் பேச்சைப் பற்றிக் கவலைப்படாதவர்கள்கூட முன்னாலேயே வந்து இடம் பிடிப்பார்கள். மைக் இல்லாவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் அது. காங்கிரஸ் மேடைக்கு கே.பி. சுந்தராம்பாள். பாட்டைக் கேட்டு மயங்கிய கூட்டம் அப்படியே பேச்சுக்குள் வந்து விழும். அரசியல் எங்கே முடிந்து கச்சேரி எங்கே ஆரம்பிக்கிறது என்று யாரும் கோடு கிழித்துப் பார்க்கவில்லை.

தலைவர் வர நேரமாகும். மேலூரில் ஒரு கூட்டம், திருமங்கலத்தில் ஒரு கூட்டம் பேசிவிட்டு வருவார். பதினொன்று ஆகும், பன்னிரண்டும் ஆகும். அதுவரை உள்ளூர்ப் பேச்சாளர்கள் கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வைத்திருக்க வேண்டும். அப்பா ரசித்தது அவர்களைத்தான். நாலு வகுப்புப் படித்திருப்பார், பகலில் மில்லில் ஷிப்டு பார்த்திருப்பார். மேடை ஏறினால் பட்ஜெட்டில் எவ்வளவு துண்டு விழுகிறது என்பதில் தொடங்கி சிலப்பதிகாரத்துக்குப் போய், கிரேக்கத்தைத் தொட்டுவிட்டு, அரிசி விலைக்குத் திரும்புவார். தவறான தகவலும் நடுவில் வரும். கூட்டத்தில் இருந்து ஒருவர் துண்டுச் சீட்டில் கேள்வி எழுதிக் கொடுப்பார். அதைப் படித்துப் பதில் சொல்லாமல் மேடையை விட்டு இறங்கினால் மரியாதை இல்லை.

காத்திருக்கிற நேரத்துக்குப் பருத்திப்பால். தள்ளுவண்டியில் பெரிய பித்தளைப் பாத்திரம், அடியில் கனல். பருத்திக் கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசி மாவும் கருப்பட்டியும் சேர்த்துக் காய்ச்சி, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டிருப்பார்கள். கரண்டியால் மொண்டு டம்ளரில் ஊற்றி மேலே தேங்காய்த் துருவல் தூவித் தருவார். ஆறினால் மேலே ஏடு படியும். அந்த ஏட்டை உதட்டால் ஒதுக்கிக்கொண்டே குடித்தபடி, "இப்பச் சொன்னான் பாரு, அதுக்கு நம்ம ஆளுக எவனுக்கும் பதில் தெரியாது" என்பார் அப்பா. அவர் குரலில் வருத்தமும் இருக்கும், நல்ல பேச்சைக் கேட்ட திருப்தியும் இருக்கும்.

அந்தக் கூட்டங்களில் பெண்கள் குறைவு. இதைச் சொல்லாமல் அந்தக் காலத்தைப் புகழ்ந்தால் நான் நேர்மையானவன் இல்லை. வந்தவர்களுக்கு ஒரு ஓரத்தில் கயிறு கட்டி இடம் விட்டிருப்பார்கள். பெரும்பாலும் கட்சிக் குடும்பத்துப் பெண்கள். என் அம்மா எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை. ஆனால் எல்லாப் பேச்சையும் கேட்டிருக்கிறாள். தெருத்தெருவாகக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெண்களோடு கேட்பாள். நாங்கள் வீட்டுக்கு வந்ததும் அப்பாவை மடக்குவாள். மேடையில் அடுக்குமொழியில் மயங்கி அப்பா விட்டுவிட்ட ஓட்டையை, பேசுகிறவர் முகம் பார்க்காத அவள் பிடித்திருப்பாள்.

எங்கள் தெருமுனையில் ஒரு தையல் கடை. கடைக்காரரைத் தெருவே பாய் என்றுதான் கூப்பிடும். தீவிர தி.மு.க.காரர். கடை வாசலில் ஒரு பெஞ்சு; அதுதான் எங்கள் தெருவின் படிப்பகம். முரசொலியும் விடுதலையும் அவர் காசில் வரும். அப்பா தன் பங்குக்கு நவசக்தியைப் படித்து முடித்ததும் கொண்டுபோய்ப் போடுவார். தோழர் ஒருவர் ஜனசக்தியை வைத்துவிட்டுப் போவார். எழுதப் படிக்கத் தெரியாத ரிக்‌ஷாக்காரர்களுக்கு யாராவது உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். பள்ளிக்கூடப் பையன்களான எங்களுக்குத்தான் அந்த வேலை. தப்பாக உச்சரித்தால் மிஷின் நின்றுவிடும். பாய் நிமிர்ந்து பார்த்துத் திருத்திச் சொன்ன பிறகுதான் சக்கரம் மறுபடி ஓடும். எனக்கு லகர ளகர வித்தியாசம் கற்றுக்கொடுத்தது அந்தத் தையல் மிஷின்.

1965 ஜனவரி 25 அன்று இந்தித் திணிப்பை எதிர்த்த மாணவர் ஊர்வலத்தில் மதுரையில்தான் முதலில் கலவரம் மூண்டது. அதன் பிறகு மாநிலமே பற்றிக்கொண்டது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் கடும் சண்டை. நான் மாணவர் பக்கம். அப்பா என்னைக் கத்தவிட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பார். இரண்டு வருடத்தில் தேர்தல் வந்தது. 1967-ல் எனக்கு வாக்கில்லை. அன்று 21 வயது ஆக வேண்டும். அரிசித் தட்டுப்பாட்டில் ரேஷன் கடை வரிசையில் கால்கடுக்க நின்றவள் அம்மா. ரூபாய்க்கு மூன்று படி என்று தி.மு.க. மேடைதோறும் முழங்கியதை மாடியில் படுத்துக் கேட்டவளும் அவள்தான். அவள் யாருக்குப் போட்டாள் என்று அப்பா கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

முடிவு வந்த அன்று தெருவெல்லாம் வெடி. விருதுநகரில் காமராஜரே 1,285 வாக்கில் தோற்றுப்போனார் என்ற செய்தி வந்ததும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. பாய் தன் கடைப் பையன்களை எங்கள் வீட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வெடிகூட வெடிக்கக் கூடாது என்று தடுத்து நிறுத்தியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இருட்டிய பிறகு அவரே வந்து திண்ணையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அப்பா, "ஜெயிச்சது சின்னப் பையனாம்ல?" என்றார். "ஆமா கணக்கய்யா, மாணவர் போராட்டத்துல இருந்த பையன்" என்றார் பாய். அம்மா இரண்டு பேருக்கும் காபி கொண்டுவந்து வைத்தாள்.

இதை ஏதோ எங்கள் தெருவின் தனிப் பெருமையாகச் சொல்லவில்லை. மேலேயும் அப்படித்தான் இருந்தது. 1943-ல் கம்பராமாயணத்தை எரிக்க வேண்டும் என்று வாதிட்ட அண்ணாவோடு ஒரே மேடையில் எதிர்வாதம் பேச ரா.பி. சேதுப்பிள்ளை வந்தார், சேலத்தில் சோமசுந்தர பாரதியார் வந்தார். காரைக்குடி கம்பன் விழாவில் கம்யூனிஸ்ட் ஜீவா கம்பனைப் பேசுவார். விழாவை நடத்திய சா. கணேசனோ நேர் எதிர் அரசியல்காரர். அப்பா அந்த விழாவுக்குப் பஸ் ஏறிப் போய்க் கேட்டதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். 1972 கிறிஸ்துமஸ் அன்று ராஜாஜி மறைந்தபோது, வாழ்நாள் முழுக்க அவரை எதிர்த்த பெரியார் தள்ளாத வயதில் சுடுகாட்டுக்கு வந்து அழுதார். அதற்கு முன்பே, அந்த வருடம் அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கியதும் பாய் கடைப் பெஞ்சில் பாதிப்பேர் எழுந்து எதிர்ச்சாரி டீக்கடைக்குப் போய்விட்டார்கள். பாய்க்கு அது பெரிய அடி. அடுத்த மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் இரட்டை இலை முதன்முதலாக ஜெயித்தபோது, டீக்கடைக் கூட்டத்தில் இருந்த அவருடைய பழைய சிஷ்யன் ஒருவன் இனிப்பு கொண்டுவந்து நீட்டினான். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "சக்கரை கம்மிடா" என்றார் பாய்.

அதற்குள் நான் தந்தி அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். அரசு ஊழியன் அரசியலில் கலந்துகொள்ளக் கூடாது என்பது நடத்தை விதி. அதனால் கூட்டங்களில் எனக்கு இடம் எப்போதும் கடைசியில், வெளிச்சம் படாத சுவரோரம். ஒரு வகையில் அது நல்ல இடம். கைதட்ட முடியாதவனுக்குக் காது கூர்மையாகிவிடுகிறது. இரவு டூட்டி என்றால் கூட்டம் முடிந்ததும் நிருபர்கள் கவுண்டருக்கு ஓடி வருவார்கள், பத்திரிகைத் தந்தி கொடுக்க. இரண்டு மணி நேரப் பேச்சு பென்சிலில் ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கியிருக்கும். டெலிபிரிண்டரில் அடிக்கும்போது, அந்த உள்ளூர்ப் பேச்சாளர் சொன்ன அருமையான வாதம் இதில் இல்லையே என்று மனசு அடித்துக்கொள்ளும். 1976 ஜனவரி 31-ல் மாநில ஆட்சியைக் கலைத்த பிறகு நெருக்கடி நிலையின் முழு பாரமும் இங்கேயும் இறங்கியது. மேடை இல்லை, நோட்டீஸ் இல்லை. தெருவில் அத்தனை மௌனத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. 1977-ல் தேர்தல் அறிவித்து முதல் குழாய் ஸ்பீக்கர் கட்டிய அன்று அம்மா மாடியில் பாயை விரித்ததை மறக்க மாட்டேன்.

பேச்சு மட்டுமே வாழ்க்கையாக இருக்கவில்லை. கோயில் திருவிழாவில் மதுரை சோமு பாட உட்கார்ந்தால் விடிகிற நேரம் தெரியாது. 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் நாதஸ்வரம் வாசித்த சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். அவர்கள் வாசிக்கிற கல்யாணம் என்றால் அழைப்பில்லாதவர்களும் பந்தலுக்கு வெளியே கூடிவிடுவார்கள். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டரில் இரண்டாயிரம் பேருக்கு மேல் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கலாம். எல்லாவற்றிலும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் யார் என்று தெரியாது, ஆனால் அவனோடு சேர்ந்து கேட்டோம்.

மேடை சுருங்கியதற்குக் காரணங்கள் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ல் வந்த விதியை 2005-ல் உச்ச நீதிமன்றமும் உறுதியாகச் சொன்னது. நோயாளிக்கும் படிக்கிற பிள்ளைக்கும் அது தேவைதான், நானும் ஆதரிக்கிறேன். தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்தது. பிறகு கைபேசி வந்தது. ஒரு பேச்சில் இருந்து அரை நிமிடத்தை வெட்டி, நமக்குப் பிடித்தது மட்டும் நம்மைத் தேடி வருகிறது. எதிராளியின் அரை நிமிடமும் வரும், அவனைத் திட்டுவதற்கு வாகாக. முழுப் பேச்சைக் கேட்டுக் கோபப்படுவதும் துண்டைக் கேட்டுக் கோபப்படுவதும் ஒன்றில்லை. முழுசாகக் கேட்டவனுக்குக் கோபத்தோடு கொஞ்சம் சந்தேகமும் வரும், தன் கட்சி மேலும்.

2013 ஜூலையில் தந்தியையே நிறுத்திவிட்டார்கள். இப்போது எனக்கு வேலை படிப்பதும் கேட்பதும்தான், அதில் குறையொன்றும் இல்லை. புது நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகிறேன். குளிரூட்டிய அறையில் பிள்ளைகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். சிலரோடு பேச்சு வளர்ந்திருக்கிறது. ஒரு பெண் கேட்டாள், "தாத்தா, நீங்க எந்தக் கட்சி?" இத்தனை வருடம் விதியால் சொல்லாமல் இருந்தவன், இப்போது சொன்னேன். "அப்ப எங்கப்பாவுக்கு உங்களைப் பிடிக்காது" என்று சிரித்தாள். அவரை ஒருநாள் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.

சமீபத்தில் பாயின் பேரனோடு ஒரு தெருமுனைக் கூட்டத்துக்குப் போனேன். எங்கள் இரண்டு பேருக்கும் பிடிக்காத கட்சி. பிளாஸ்டிக் நாற்காலிகளில் பாதி காலி. பேசிய இளைஞர் வைகை குடிநீர் பற்றிக் கணக்குப் போட்டுத் தெளிவாகவே பேசினார். முடிந்ததும் இறங்கி வந்து, "ஐயா நம்ம கட்சியா?" என்றார். "இல்லப்பா, கேட்க வந்தோம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. வைகை அணையில் தண்ணீர் இருப்பதையும் குழாயில் வருவதையும் அவர் ஒன்றாக்கிப் பேசியதை எடுத்துச் சொன்னேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பாயின் பேரன் தன் பங்குக்கு முல்லைப்பெரியாறு திட்டத்தை எடுத்துவிட்டான். மைக் செட்காரர் லைட்டைக் கழற்ற வேண்டும் என்று வந்து நின்றார். "ஐயா, நாளைக்குச் செல்லூர்ல பேசுறேன், கணக்கைச் சரிபண்ணிட்டு வர்றேன், வருவீங்களா?" என்று கேட்டார் அந்த இளைஞர். எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டேன்.